புளியங்கொட்டைக் கணக்கு

கடந்த தை மாதம் ஊருக்குப் போய் இறங்கியபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேளாண் கல்லூரி இறுதியாண்டு. கிராமத்திலேயே தங்கி விவசாயிகளோடு பழகிப் பாடம் படிக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் அட்டையில் செருகிய வினாத்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைச் சாகுபடி: இன்றைய நிலையும் எதிர்காலமும்.' அப்பாவுக்கு ஒரே உற்சாகம். துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு 'எதிர்காலம்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததுமே அலுப்பாக இருந்தது. எங்கள் திராட்சையின் எதிர்காலத்தைப் பற்றி யார் பேசினாலும் மூன்று சொற்களில் முடித்துவிடுவார்கள்: குளிர்பதனக் கிடங்கு, ஒயின் தொழிற்சாலை, ஏற்றுமதி. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நான்காவதாக அதுவும் சேர்ந்துகொண்டது. தேர்தலுக்குத் தேர்தல் இதே பட்டியலைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தப் பிள்ளைகளும் நான்கையும் எழுதிக்கொண்டு போய் மதிப்பெண் வாங்குவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனேன். அந்த நினைப்பு அடுத்த நாள் மாலை வரைகூடத் தாங்கவில்லை.

டீயைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான்: "தொழிலைத் தொடர வாரிசு உண்டா, ஐயா?" அப்பா என்னைக் காட்டி, "ஒரே பிள்ளை. மதுரையில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள்" என்றார். பையன் டம்ளரை வாங்கிக்கொண்டு, நன்றி அக்கா என்று சொல்லிவிட்டு, தாளில் 'இல்லை' என்று எழுதினான். சரியான பதில்தான். இருந்தாலும் கை சுட்டது டீயால் மட்டும்தானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பந்தலுக்குக் கீழே

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனோம். சுருளிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், தாத்தா காலத்தது. பழைய கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. குலைகளில் பிஞ்சு மிளகு அளவுக்கு வந்திருந்தது. பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாகத்தான் இறங்கும். வெளியே நின்று கதை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோயிலுக்குள் நுழைந்தவர்களும் எங்கள் பந்தலுக்குள் நுழைந்தவர்களும் அப்படித்தான் செய்வார்கள். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன்.

அந்தக் குழுவில் தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாத ஆள். பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் எழுதின அல்லவா? அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். அவள் மெதுவாக, "ஐயா, நம் பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அந்த ரகமே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் உருவானது என்று படித்திருக்கிறேன். 1832இல் எப்படி வந்திருக்கும்?" என்றாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பாதிரியார் வேறு கொடியைக் கொண்டுவந்திருப்பார். இது பிறகு வந்திருக்கும். யார் கொண்டுவந்தால் என்ன ஆத்தா, மணம் பன்னீர் மணம்தானே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அன்று மருந்தடிக்க வேண்டிய நாள். பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும் அடிச்சாம்பல் நோய்க்கு எங்கள் ஊரில் இன்னும் போர்டோ கலவைதான் முதல் மருந்து. கடையில் விற்கும் புது மருந்துகள் எத்தனை வந்தாலும் அப்பா இதை விடமாட்டார். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட், ஒரு கிலோ சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். வானத்து நீலத்தில் ஒரு குழம்பு வரும். அதில் அரிவாளை முக்கி எடுத்துப் பார்ப்பார். இரும்பில் செம்பு படிந்து சிவந்தால் துத்தம் மிஞ்சி நிற்கிறது, அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். சிவப்புப் போகும்வரை சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அப்பா மந்திரவாதி மாதிரி அரிவாளைத் தூக்கிக் காட்ட, ஆறு பேரும் கைபேசியில் படம் எடுத்தார்கள்.

பதிலுக்கு ஒரு பையன் அதன் கதையைச் சொன்னான். பிரான்சில் போர்டோ பகுதியில் சாலையோரத் தோட்டங்களில் போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்காமல் இருக்க, துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் தெளித்து வைப்பார்களாம். அப்படித் தெளித்த கொடிகளுக்கு மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885இல் அதை மருந்தாக எழுதி வெளியிட்டார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தாகிவிட்டதா!" என்று அன்று பூராவும் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை நேரமும் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது. படங்களைப் பிறகு அந்தப் பெண் எனக்கு அனுப்பியிருந்தாள். அப்பா அரிவாளோடு நிற்கும் படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, அம்மா குனிந்திருக்கிறாள். பழைய புடவைத் துணியில் சுண்ணாம்புப் பாலை வடிகட்டிக்கொண்டிருக்கிறாள். வடிகட்டாமல் ஊற்றினால் விசைத்தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும். தண்ணீர் சுமந்தது அவள், வடித்தது அவள், அப்பா அடித்துக்கொண்டே போகும்போது பின்னால் ஹோஸ் குழாய் கொடியில் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததும் அவள். மாலையில் நீலம் படிந்த சட்டையைத் தனியாக ஊறவைத்துத் துவைத்தவளும் அவள்தான்.

நோட்டும் கோலப்பொடியும்

அப்பா கணக்கு எழுதாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வெட்டுக்கும், அதாவது ஒவ்வொரு அறுவடைக்கும், நோட்டில் ஒரு பக்கம் உண்டு. கவாத்துக் கூலி, எரு, உரம், மருந்து, டீசல், பெட்டி, வண்டி வாடகை எல்லாம் நாள்வாரியாக இருக்கும். கணக்கு எழுதும் வேலைக்கு நான் போனதே அந்த நோட்டைப் பார்த்து வந்த ஆசையால்தான். கடைசி வெட்டில் ஆறு டன் பழம், வியாபாரி கிலோ 30 ரூபாய்க்கு எடுத்திருந்தார், வரவு 1,80,000. செலவு 1,22,000. மிச்சம் 58,000 என்று சிவப்பு மையில் அடிக்கோடு. நான்கு மாதத்துக்கு 58,000. பெரிய பணம் இல்லை, ஆனால் கையைக் கடிக்கவும் இல்லை என்பது அப்பாவின் கணிப்பு. தை முதல் சித்திரை வரை வடக்கே நாசிக், சாங்லியில் இருந்து விதையில்லாத பழம் வந்து குவியும். அந்த மாதங்களில் எங்கள் பழத்துக்கு விலை இருக்காது. அங்கே ஆண்டுக்கு ஒரே அறுவடை, எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அந்த ஒரு வசதியை வைத்துக்கொண்டு மற்ற மாதங்களில் ஈடுகட்டிக்கொள்வோம்.

மாலையில் மாணவர்கள் வாசலில் ஒரு படம் வரைந்தார்கள். கிராமத்தவர்களோடு சேர்ந்து தரையில் வரைந்து தகவல் திரட்டுவது அவர்கள் பாடத்திட்டத்தில் உள்ள முறை. கோலப்பொடியால் பெரிய கட்டம். மேலே கவாத்து முதல் வெட்டு வரை பதினேழு வாரங்கள், இடப்பக்கம் வேலை செய்பவர்கள். வீட்டில் இருந்த புளியங்கொட்டையை ஒரு சொளகு நிறைய வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு கொட்டை என்றால் ஒரு நாள் வேலை. கூலியாட்கள் வரிசை சீக்கிரம் முடிந்தது, நோட்டில் இருந்ததால். அடுத்து அப்பாவின் வரிசை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல ஒரு பையன் வைத்துக்கொண்டே போனான். மொத்தம் 90.

"அம்மா வரிசைக்கு எவ்வளவு ஐயா?" என்று தர்மபுரிப் பெண் கேட்டாள்.

"அவளுக்கு என்ன, வீட்டில்தான் இருப்பாள். மருந்தடிக்கிற அன்றைக்குக் கூடமாட நிற்பாள். ஒரு பத்து வை" என்றார் அப்பா. அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் மனதில் அந்த எண்தான் இருந்தது.

அம்மா கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கட்டத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். சொளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வாரம், வெட்டிய குச்சிகளைப் பொறுக்கி வெளியே கொண்டுபோனது, மூன்று கொட்டை. மூன்றாவது வாரம், தளிர்விட்ட கொடிகளைக் கம்பியோடு வாழைநாரில் கட்டியது, ஆறு. பக்கத் தளிரும் பற்றுக்கம்பியும் கிள்ளியது. நுனி கிள்ளியது. பூவெடுத்த பிறகு குலையில் சொத்தைப் பிஞ்சைக் கத்தரியால் எடுத்தது, அது மட்டும் இரண்டு வாரம் பூராவும். அண்ணாந்தே பார்த்துக்கொண்டு செய்யும் வேலை அது. நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து செய்திருக்கிறேன், இரவில் தலையணை வைக்க முடியாது. பழம் கறுக்கத் தொடங்கியதும் விடியற்காலையில் பறவை விரட்டியது. வெட்டு அன்று பெட்டியில் அடுக்கியது. அவள் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு கொட்டையையும் வைக்கும்போது எந்த வரிசைத் தூண், எந்த வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். கூடச் சொல்கிறாளோ என்று சந்தேகப்பட்டு நான் நடுநடுவே நோட்டைப் புரட்டிக் கூலியாட்கள் வந்த தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி. எங்கும் இடிக்கவில்லை.

கூலியாட்களுக்குச் சோறாக்கியதை வைக்கலாமா என்று மாணவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. அது வீட்டு வேலை, சாகுபடி வேலையில் வராது என்றான் ஒருவன். சாப்பாட்டோடுதானே கூலி பேசினீர்கள், அப்படியானால் சமைத்தது யார் கணக்கு என்றாள் இன்னொருத்தி. கடைசியில் அதை விட்டுவிட்டார்கள். விட்டபிறகும் அம்மாவின் வரிசையில் 96 கொட்டைகள் இருந்தன.

அப்பா நாற்காலியில் இருந்து எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, ஒரு முறை தானே எண்ணினார். பிறகு மாணவர்கள் ஊர்க்கூலி போட்டார்கள். ஆணுக்கு 600, பெண்ணுக்கு 300. அப்பா 54,000, அம்மா 28,800, இரண்டும் சேர்ந்து 82,800. சிவப்பு அடிக்கோட்டு மிச்சமான 58,000இல் இருந்து கழித்தால் 24,800 ரூபாய் நட்டம். நிலத்துக்குக் குத்தகை மதிப்பையும் கல்தூண் தேய்மானத்தையும் இன்னும் சேர்க்கவில்லை என்று ஒரு பையன் ஆரம்பித்தான். மற்றவர்கள் அவன் காலை மிதித்தார்கள்.

வாசலில் சத்தமே இல்லை. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "கொட்டை என் பக்கம் அதிகமாக இருக்கிறது. ரூபாய் எப்படி அவர் பக்கம் அதிகமாயிற்று?"

அந்தக் கேள்விக்கு ஆறு பேரிடமும் பதில் இல்லை. வினாத்தாளில் அதற்குக் கட்டமும் இல்லை.

நான் எழுதிய சம்பளங்கள்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு எழுதுகிறவள் நான். தனி ஆள் நடத்தும் தொழிலில் முதலாளியின் உழைப்பைச் செலவாக எழுதமாட்டோம். எல்லாச் செலவும் போக நிற்பது அவருடையது, அதுதான் அவர் கூலியும் லாபமும். அந்தப் பழக்கத்தில்தான் அப்பாவின் நோட்டில் எனக்கு இத்தனை ஆண்டுகளாக எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வரியைக் குறைப்பதற்காக மனைவி பெயரில் சம்பளம் எழுதச் சொல்லி எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. கடைப்பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்திராத அம்மாக்களுக்கு மாதச் சம்பளம் எழுதலாமா என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். தொண்ணூற்றாறு நாள் அண்ணாந்து நின்றவளுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் நெல், கோதுமைக்கெல்லாம் செலவு கணக்கிடும்போது கையில் இருந்து போன செலவை ஏ2 என்றும், அதோடு குடும்பத்தாரின் உழைப்பைச் சேர்த்து இன்னொன்றாகவும், சொந்த நிலத்தின் வாடகை, முதலின் வட்டி எல்லாம் சேர்த்து சி2 என்றும் தனித்தனியாகப் போடுகிறது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் வைத்து ஆதரவு விலை கொடுங்கள் என்றது. எந்தச் செலவுக்கு மேல் என்பதில்தான் இன்றுவரை சண்டை. திராட்சைக்கு அந்தச் சண்டைகூட இல்லை, ஆதரவு விலையே இல்லாததால். எங்கள் விலையை நிர்ணயிப்பது அன்றைய வானமும் வியாபாரியின் முகமும்தான். பழுத்த குலையில் ஒரு மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடிக்கும் முன் விற்றாக வேண்டும் என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒயின் தொழிற்சாலை வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னீரின் மெல்லிய தோலையும் சாற்றையும் பார்த்தால் தூரதேசத்துக்கு மூட்டை கட்டுவதைவிடப் பிழிவதற்குத்தான் பொருத்தம் என்று மாணவர்களும் எழுதினார்கள். ஆனால் தொழிற்சாலைக்காரர் பழத்துக்கு என்ன விலை கொடுப்பார்? சிவப்பு அடிக்கோட்டுச் செலவைப் பார்த்து விலை பேசினால் வியாபாரிக்கும் அவருக்கும் வித்தியாசம் இருக்காது. என் அம்மா 96 நாளைச் சும்மா கொடுக்கிறாள் என்பதை நம்பித்தான் இந்தப் பழம் சென்னையிலும் கேரளத்திலும் அந்த விலைக்குக் கிடைக்கிறது. எனக்குப் பிறகு அந்த 96 நாளை யார் சும்மா கொடுப்பார்கள்? நான் கொடுக்கமாட்டேன். 'வாரிசு இல்லை' என்று அந்தப் பையன் எழுதியதன் பொருள் எனக்கு அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் விளங்கியது. என்னை மாதிரி வெளியூருக்குப் போன ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு பந்தலின் கணக்கில் இருந்து சம்பளமில்லாத ஓர் ஆளைக் கழித்துக்கொண்டு போயிருக்கிறது. தென்னைக்கு மாறியவர்களை 'திராட்சையைக் கைவிட்டார்கள்' என்று குறை சொல்வார்கள். அவர்கள் வீட்டில் புளியங்கொட்டை தீர்ந்துபோனது என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

மாணவர்களை நான் குறைத்து நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். அவர்கள் அறிக்கையின் நகல் பங்குனியில் தபாலில் வந்தது. குளிர்பதனக் கிடங்கு, ஒயின், ஏற்றுமதி, புவிசார் குறியீடு நான்கும் எதிர்பார்த்தபடியே இருந்தன. பின்னிணைப்பில், கோலப்பொடிக் கட்டத்தின் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். அதன் கீழே கூலி வீதத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக வைத்து இரண்டாவது தடவையும் கணக்குப் போட்டிருந்தாள் அந்தப் பெண். நட்டம் 53,600.

அப்பா அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர் மாதிரி இருந்துகொண்டார். ஆனால் சித்திரையில் போனபோது நோட்டில் புதுப் பக்கம் ஒன்று இருந்தது. தேதி, வேலை, அப்புறம் 'வீட்டார்' என்று ஒரு பத்தி. முதல் நான்கு நாள் எழுதியிருந்தது, பிறகு காலி. கேட்டதற்கு, "அவளே வைத்துக்கொள்கிறாள்" என்று அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார். அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதில் கால்வாசி புளியங்கொட்டை.

இரவுச் சாப்பாட்டில் அப்பா மெதுவாகப் பேச்செடுத்தார். அரை ஏக்கரில் கொடியை எடுத்துவிட்டு அதே பந்தலில் புடலை ஏற்றலாம் என்று யோசிக்கிறாராம். மருந்துச் செலவு குறைவு, நாற்பத்தைந்து ஐம்பது நாளில் காய்க்கு வந்துவிடும், கையில் காசு புழங்கும். நான் நல்ல யோசனைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புடலைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் பறிக்க வேண்டும்" என்றாள். "அவ்வளவு கொட்டைக்கு நான் எங்கே போவேன்?"